இரண்டு தேதிகளுக்கு நடுவே எவ்வளவு காலம்? புரோகிராம் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைதான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, எஸ்.க்யூ.எல். என்று எதில் வேலை செய்தாலும் தேதிக் கழித்தல் ஒருநாள் வந்தே தீரும். கழிப்பது ஒரே வரி. ஆனால் வந்த விடையை எப்படிப் படிப்பது என்பதில்தான் பாதி பக் (நிரல் பிழை) ஒளிந்திருக்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் எழும் கேள்விகள் முதலிலும், அந்தந்த மொழிக்கே உரிய சிக்கல்கள் நடுவிலும் வருகின்றன.

ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் போதாதா?

போதும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தால். "எவ்வளவு வித்தியாசம்" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, கடிகாரம் உண்மையில் ஓடிய நேரம்: இத்தனை வினாடி, இத்தனை மணி. இன்னொன்று, காலண்டரில் தாண்டிய தூரம்: இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள். சர்வர் எவ்வளவு நேரம் ஓடியது என்பது முதல் வகை. ஊழியருக்கு எத்தனை வருட சர்வீஸ் என்பது இரண்டாவது வகை. ஒன்றைக் கணக்கிட்டு, அதை வகுத்து மற்றொன்றை வரவழைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

ஜாவா 8 வந்தபோது இந்தப் பிரிவை மொழிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். டியூரேஷன் என்றால் ஓடிய நேரம், பீரியட் என்றால் காலண்டர் தூரம். தேதி விஷயத்தில் இவ்வளவு தெளிவான வடிவமைப்பு குறைவு. நீங்கள் ஜாவா பக்கமே போகாதவராக இருந்தாலும் அந்த இரண்டு பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் உள்ளுக்குள் நேரத்தை எப்படி வைத்திருக்கிறது?

பெரும்பாலும் ஓர் எண்ணாக. யூனிக்ஸ் வழக்கப்படி 1970 ஜனவரி 1, யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி என்பதே அந்த எண். ஜாவாஸ்கிரிப்டும் அதே தொடக்கத்தைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் மில்லிவினாடியில். எனவே இரண்டு நேரங்களைக் கழிப்பது இரண்டு எண்களைக் கழிப்பதுதான். ஒரு நாளுக்கு 86,400 வினாடி, 8,64,00,000 மில்லிவினாடி.

இந்த எண்ணைக் குறியுடன் கூடிய 32 பிட்டில் வைத்தால் 2,14,74,83,647 வரைதான் போகும். 2038 ஜனவரி 19, யு.டி.சி. நேரம் 03:14:07க்கு அது நிரம்பிவிடும். அடுத்த வினாடியில் எண் எதிர்மறையாகி 1901க்குப் போய்விடும். இருபது வருட வீட்டுக்கடனுக்கு முடிவுத் தேதி போடும் பழைய நிரல்களுக்கு இந்தச் சிக்கல் இப்போதே வந்துவிட்டது.

தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமா?

இதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழித்தல் தருவது இரண்டு நாட்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை. மனிதர்கள் எண்ணுவதோ நாட்களை.

2025ல் கார்த்திகை 1, நவம்பர் 17ஆம் தேதி வந்தது. அன்று மாலை போட்ட ஐயப்ப பக்தருக்கு 41ஆம் நாள் டிசம்பர் 27. ஆனால் நிரலில் டிசம்பர் 27லிருந்து நவம்பர் 17ஐக் கழித்தால் 40 என்றுதான் வரும். நிரலும் சரி, பக்தரும் சரி. மாலை போட்ட நாளே முதல் நாள் என்பதால் ஒன்று கூட்டவேண்டும், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதே கணக்கு.

பெரிய இடத்திலும் இந்த ஒன்று இடறியிருக்கிறது. இந்திய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதன்முதலாகக் கூடியது. 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை ஏற்றது. இதற்கு ஆன காலம் சில புத்தகங்களில் 2 வருடம் 11 மாதம் 17 நாள் என்றும், சிலவற்றில் 18 நாள் என்றும் இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எது சரி என்று சண்டை போடுவதும் உண்டு. வெறுமனே கழித்தால் 17. முதல் நாளையும் சேர்த்தால் 18. மொத்த நாட்களில் சொன்னால் 1,083 அல்லது 1,084.

லீவு, விரதம், விழா என்றால் பெரும்பாலும் இரு முனையும் சேரும். ஹோட்டல் அறை வாடகை இரவுக் கணக்கு, அங்கே சேராது. நோட்டீஸ் பீரியட், வட்டி போன்றவற்றை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும். இதை நிரல் எழுதுபவர் தானாக ஊகிக்கக் கூடாது.

வயது கணக்கிட, நாட்களை 365.25ஆல் வகுத்தால் என்ன?

தவறும். அதுவும் பிறந்தநாளன்றே தவறும். 2005 மார்ச் 1 அன்று பிறந்தவர் 2023 மார்ச் 1 அன்று 18 வயதை முடிக்கிறார். நடுவே வந்த லீப் நாட்கள் 2008, 2012, 2016, 2020 என நான்கு. ஆக 18 × 365 + 4 = 6,574 நாட்கள். இதை 365.25ஆல் வகுத்தால் 17.9986. முழு எண்ணாக வெட்டினால் 17. விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மறுநாள் வந்தால் ஏற்கப்படும்! டெஸ்ட்டர் போட்டுப் பார்த்த பத்து தேதிகளிலும் சரியாக வந்திருக்கும், பாவம்.

வகுத்தலே வேண்டாம். இந்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழியுங்கள். இன்றைய மாதமும் நாளும் பிறந்த மாதத்துக்கும் நாளுக்கும் முந்தியிருந்தால், அதாவது இந்த வருடப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால், ஒன்று குறையுங்கள். எந்த மொழியிலும் இரண்டே வரி.

பிப்ரவரி 29ல் பிறந்தவர்களுக்கு?

லீப் அல்லாத வருடத்தில் அவர்களுக்கு வயது கூடுவது பிப்ரவரி 28ஆ, மார்ச் 1ஆ என்பது சட்டமும் நிறுவன விதியும் சொல்லவேண்டிய விஷயம். மேலே சொன்ன இரண்டு வரி மார்ச் 1 என்று எடுத்துக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே லைப்ரரி இரண்டு விதமாகப் பேசும். ஜாவாவில் 2004 பிப்ரவரி 29உடன் 18 வருடத்தைக் கூட்டினால் 2022 பிப்ரவரி 28 வரும். அதே இரண்டு தேதிகளுக்கு நடுவே பீரியட் எவ்வளவு என்று கேட்டால் 17 வருடம் 11 மாதம் 30 நாள் என்று சொல்லும். கூட்டிப் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கழித்துத் திரும்பி வரமுடியவில்லை. இதை பக் என்று சொல்லமுடியாது. மாதம் என்ற அளவு 28க்கும் 31க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும்வரை இப்படித்தான் இருக்கும்.

அப்படியானால் "ஒரு மாதம்" என்பது எத்தனை நாள்?

ஒரே விடை கிடையாது. 2025 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 28 வரை ஒரு மாதமா? ஜாவா "0 மாதம் 28 நாள்" என்கிறது. ஆனால் மறுநாள் மார்ச் 1 என்றால் "1 மாதம் 1 நாள்" என்கிறது. ஒரே நாள் நகர்ந்தோம், விடை 28 நாளிலிருந்து ஒரு மாதம் ஒரு நாளுக்குத் தாவிவிட்டது. மாதக் கணக்கை வைத்துப் பணம் கணக்கிடுபவர்கள் 29, 30, 31 தேதிகளில் தொடங்கும் கணக்குகளுக்குத் தனி விதி எழுதிக்கொள்வது நல்லது.

எக்செலில் போட்டுச் சரிபார்க்கலாமா?

சாதாரண தேதிகளுக்குத் தாராளமாக. இரண்டு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும். எக்செல் 1900ஆம் வருடத்தை லீப் வருடமாக நினைக்கிறது. 1900 நூறால் வகுபடும், நானூறால் வகுபடாது; ஆகவே லீப் இல்லை. லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த தவறு இது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போகவேண்டும் என்று எக்செலும் அப்படியே எடுத்துக்கொண்டது, இன்றுவரை மாற்றவில்லை. அதனால் 1900 ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை 59 நாளுக்குப் பதில் 60 வரும்.

இன்னொன்று டேட்டிஃப் ஃபங்ஷன். அதுவும் லோட்டஸ் வழிச் சொத்து. அதில் "எம்.டி." என்ற அலகு, அதாவது மாதங்களைக் கழித்தபின் மிச்ச நாட்கள், எதிர்மறை எண்ணையோ தவறான எண்ணையோ தரக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரித்திருக்கிறது. அதை வைத்துச் சரிபார்க்காதீர்கள்.

பைதானில் இரண்டு நாள் வித்தியாசத்துக்கு வினாடி 3,600 என்று வருகிறதே?

டைம்டெல்டாவின் (பைதான் கால வித்தியாசத்தை வைத்திருக்கும் பொருள்) "செகண்ட்ஸ்" என்ற பகுதியைப் படித்திருப்பீர்கள். மே 1 காலை 10 மணியிலிருந்து மே 3 காலை 11 மணி வரை மொத்தம் 49 மணி நேரம். பைதான் இதை 2 நாள், 3,600 வினாடி என்று இரண்டு பெட்டியில் பிரித்து வைக்கும். "செகண்ட்ஸ்" என்று கேட்டால் இரண்டாவது பெட்டியை மட்டும் தரும். மொத்தம் வேண்டுமென்றால் "டோட்டல் செகண்ட்ஸ்" என்ற மெத்தடைக் கூப்பிடவேண்டும், 1,76,400 வரும்.

சி ஷார்ப்பில் டைம்ஸ்பானின் "அவர்ஸ்" வேறு, "டோட்டல் அவர்ஸ்" வேறு. பி.ஹெச்.பி.யில் வித்தியாசத்தின் "டி" வேறு, "டேஸ்" வேறு. ஜாவா பீரியடில் "கெட் டேஸ்" என்றால் மிச்ச நாள் மட்டும். மொத்த நாட்கள் வேண்டுமென்றால் குரோனோயூனிட் என்ற இன்னொரு ஜாவா வசதியிடம் போகவேண்டும். எல்லாம் ஒரே நோய்.

எதிர்மறை வித்தியாசத்தில் பைதான் இன்னும் குழப்பும். ஒரு வினாடி பின்னோக்கி என்பதை அது "−1 நாள், 86,399 வினாடி" என்று காட்டும். கணக்கு சரிதான், படிக்கிறவருக்குத்தான் தலை சுற்றும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டு, குறியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் ஐந்தரை மணி நேரம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது?

"2025-04-03" என்று தேதியை மட்டும் கொடுத்தால், அதை யு.டி.சி. நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது காலை 5:30. அதே தேதிக்குப் பின்னால் நேரத்தையும் சேர்த்து, மண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றை ஒரு விதமாகவும் மற்றதை இன்னொரு விதமாகவும் கொடுத்துக் கழித்தால் ஐந்தரை மணி இலவசம். நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏப்ரல் 2 என்றே திரையில் தெரியும்.

கூடவே, மாதங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன என்பதையும் மறக்கவேண்டாம். எண்களாகக் கொடுக்கும்போது 3 என்றால் ஏப்ரல்.

சரி, 03/04/2025 என்று வந்தால்?

இந்தியாவிலும் இலங்கையிலும் ஏப்ரல் 3. அமெரிக்காவில் மார்ச் 4. வித்தியாசம் 30 நாள். வருடம்-மாதம்-நாள் என்ற ஐ.எஸ்.ஓ. 8601 வடிவத்தைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதீர்கள். படிவத்தில் பயனருக்கு எப்படிக் காட்டினாலும், சேமிப்பது இப்படியே இருக்கட்டும்.

நாங்கள் இந்தியாவுக்குள் மட்டும்தான் இயங்குகிறோம். நேர மண்டலத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டுமா?

குறைவாக. இந்தியாவில் இப்போது கோடை நேர மாற்றம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) இல்லை. +5:30 நிலையாக நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். ஜாதகம் கணிக்கும் மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது முக்கியம். மற்றவர்கள் கடந்து போகலாம்.

ஆனால் கொழும்புக்கு அப்படி விடமுடியாது. இலங்கை 1996 மே மாதம் +6:30க்கு மாறி, அதே வருடம் அக்டோபரில் +6:00க்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எடுத்த முடிவு அது. 1997ல் கொழும்பில் காலை 9 மணிக்குப் பதிவான ஒன்றை +5:30 என்று வைத்து இன்றைய நேரத்திலிருந்து கழித்தால் அரை மணி நேரம் குறையும். சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் 1982 ஜனவரி 1ல்தான் +7:30லிருந்து +8:00க்கு மாறின.

இந்த வரலாறு, ஐயானா (இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் அமைப்பு) வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பில் இருக்கிறது. நீங்கள் செய்யவேண்டியது, "+5:30" என்று கையால் எழுதாமல் "ஏசியா/கொழும்பு", "ஏசியா/கொல்கத்தா" என்று இடத்தின் பெயரைக் கொடுப்பது. "ஐ.எஸ்.டி." என்ற சுருக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுமே அதற்குச் சொந்தம் கொண்டாடுகின்றன.

டொராண்டோ, லண்டன் பயனர்களுக்கு மட்டும் வருடத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம் இடிக்கிறது. ஏன்?

கோடை நேரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டொராண்டோவில் 2025 மார்ச் 9 அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3 மணிக்குத் தாவியது. மார்ச் 8 காலை 10 மணி என்பது யு.டி.சி. 15:00. மார்ச் 9 காலை 10 மணி என்பது யு.டி.சி. 14:00. ஆக, சுவர்க் கடிகாரம் 24 மணி என்றாலும் ஓடியது 23 மணி நேரம்தான்.

பைதானில் இதைச் செய்துபாருங்கள். இரண்டு நேரங்களுக்கும் "அமெரிக்கா/டொராண்டோ" என்ற ஒரே மண்டலப் பொருளைக் கொடுத்துக் கழித்தால் 24 மணி என்று வரும்! மண்டலம் ஒன்றாக இருந்தால் பைதான் அதைக் கண்டுகொள்ளாமல் சுவர்க் கடிகாரத்தை மட்டும் கழிக்கும். இரண்டையும் யு.டி.சி.க்கு மாற்றிக் கழித்தால் 23 வரும். அனுபவசாலிகளையும் ஏமாற்றும் இடம் இது. மண்டலம் உள்ளதையும் இல்லாததையும் கலந்தால் பைதான் டைப் எரர் கொடுத்து நிறுத்திவிடும். அது எவ்வளவோ மேல்.

ஜாவாஸ்கிரிப்டில் இதே சிக்கல் வேறு முகத்தில் வரும். டொராண்டோவில் மார்ச் 1 நள்ளிரவு முதல் மார்ச் 31 நள்ளிரவு வரை 719 மணி நேரம். 24ஆல் வகுத்தால் 29.958. "மேத் ஃப்ளோர்" போட்டால் 29 நாள் ஆகிவிடும். "மேத் ரவுண்ட்" போட்டால் 30 என்று சரியாக வரும். அதைவிட, நாட்களை எண்ணும்போது இரு தேதிகளையும் யு.டி.சி. நள்ளிரவாக உருவாக்கிக் கழிப்பது பத்திரம். அங்கே எல்லா நாளும் 24 மணி நேரம்தான்.

டேட்டாபேஸிலேயே கணக்கிட்டால்?

செய்யலாம். ஒரே பெயர் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வேலை செய்யும், அதுதான் தொல்லை. எஸ்.க்யூ.எல். சர்வரின் டேட்டிஃப் எத்தனை எல்லைகளைத் தாண்டினோம் என்று எண்ணுகிறது. 2024 டிசம்பர் 31க்கும் 2025 ஜனவரி 1க்கும் வருட வித்தியாசம் கேட்டால் 1 என்று சொல்லும். 10:59க்கும் 11:00க்கும் மணி வித்தியாசம் கேட்டாலும் 1. வயது கணக்கிட அதை நேராகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

மைஎஸ்க்யூஎல்லின் டேட்டிஃப் நாட்களை மட்டுமே தரும். முதலில் கொடுப்பதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும். அங்கே டைம்ஸ்டாம்ப்டிஃப் முழுமையாக முடிந்த அலகுகளை எண்ணுகிறது, ஆகவே மேற்படி இரண்டு தேதிகளுக்கு வருட வித்தியாசம் 0. போஸ்ட்கிரெஸ்ஸில் தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் நாட்கள் முழு எண்ணாக வரும். வருடம், மாதம், நாள் வேண்டுமென்றால் "ஏஜ்" என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆரக்கிளில் கழித்தால் பின்னத்தோடு நாட்கள் வரும்.

லீப் வினாடியைக் கணக்கில் எடுக்கவேண்டுமா?

வேண்டாம். பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போக, 1972 முதல் 27 முறை யு.டி.சி.யில் ஒரு வினாடி சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31ன் முடிவில். நம் கடிகாரத்தில் அது 2017 ஜனவரி 1 காலை 5:29:60. யூனிக்ஸ் நேரம் இவற்றை எண்ணுவதே இல்லை. 2035க்குள் இந்த வழக்கத்தையே கைவிட 2022ல் முடிவாகிவிட்டது. செயற்கைக்கோள், வானியல் துறை என்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

என் ஃபங்ஷன் ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க, இப்போதைய நேரத்தை இருமுறை எடுத்துக் கழிக்கலாமா?

கூடாது. சர்வரின் கடிகாரத்தை என்.டி.பி. (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கும். நடுவில் கடிகாரம் பின்னே போனால் உங்கள் ஃபங்ஷன் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டதாக லாக்கில் வரும். பின்னோக்கிப் போகாத கடிகாரம் ஒன்று பெரும்பாலான மொழிகளில் உண்டு: பைதானில் "மோனோடோனிக்" அல்லது "பெர்ஃப் கவுன்டர்", ஜாவாவில் "நானோ டைம்", பிரவுசரில் "பெர்ஃபார்மன்ஸ் நவ்".

பழங்காலத் தேதிகளைக் கழிக்கலாமா?

எந்த நாட்காட்டி என்று தெரிந்தால் மட்டும். 1582ல் போப் 13ஆம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது, ஏற்றுக்கொண்ட நாடுகளில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது. எனவே 1639ல் மெட்ராஸ் பற்றி எழுதப்பட்ட ஓர் ஆங்கிலேயக் கடிதத்தின் தேதியை அப்படியே இன்றைய தேதியிலிருந்து கழித்தால் பத்து நாள் பிசகக்கூடும். பைதான் கிரிகோரியன் விதியை முதலாம் ஆண்டு வரை பின்னோக்கி நீட்டிக்கொண்டே போகிறது. ஜாவாவின் பழைய கிரிகோரியன் காலண்டர் 1582ல் மாறிக்கொள்கிறது, புதிய லோக்கல் டேட் மாறுவதில்லை. ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு விடை.

தேதியை எப்படிச் சேமித்தால் பின்னால் கழிக்கும்போது தொல்லை இராது?

நடந்து முடிந்ததை யு.டி.சி.யில் வையுங்கள். பிறந்த தேதி போன்றவற்றை மணி நேரமே இல்லாத வெறும் தேதியாக வையுங்கள். அதற்கு நள்ளிரவு ஒட்டினால் மண்டலம் மாறும்போது ஒரு நாள் பின்னே போய்விடும். இனி நடக்கப்போவதற்கு மட்டும் யு.டி.சி. போதாது. அடுத்த வருடம் லண்டனில் காலை 9 மணிக்குச் சந்திப்பு என்றால், உள்ளூர் நேரத்தையும் இடப்பெயரையும் சேர்த்து வையுங்கள். அதற்குள் அந்த நாட்டு அரசு கடிகார விதியை மாற்றினாலும் சந்திப்பு 9 மணிக்கே இருக்கும்.

எந்தத் தேதிகளை வைத்துச் சோதிப்பது?

1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை 895 நாள். அதாவது 2 வருடம் 5 மாதம் 11 நாள். இது சரியாக வந்தால் அடிப்படைக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் 2000 பிப்ரவரி 28 முதல் மார்ச் 1 வரை 2 நாள், 2100ல் அதே தேதிகளுக்கு 1 நாள். ஒரே தேதியை இருமுறை கொடுத்தால் 0. வரிசையை மாற்றிக் கொடுத்தால் குறி மட்டும் மாறவேண்டும். ஜனவரி 31ஐ மறக்கவேண்டாம். மார்ச்சிலும் நவம்பரிலும் டொராண்டோவின் மாறும் நாட்கள் இரண்டு: 2025ல் மார்ச் 9, நவம்பர் 2. கடைசியாக பசிபிக்கில் உள்ள சமோவா. 2011ல் அந்த நாடு சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30ஐ முழுதாகத் தாண்டிவிட்டது. டிசம்பர் 29 நண்பகல் முதல் 31 நண்பகல் வரை காலண்டரில் 2 நாள், ஓடியது 24 மணி நேரம்.